டார்கெட் ரைபிளுக்கு வாங்கின சாமானெல்லாம்: எது உழைக்குது, எது பையிலயே தூங்குது

போன வாரம் கிட் பேக்க தலைகீழா கவுத்து சுத்தம் பண்ணேன். உள்ள இருந்து வந்த சாமான் பாதிய எப்ப வாங்கினேன்னே ஞாபகம் இல்ல. அதுல ஒரு நாலஞ்சு மட்டும் கைபட்டு கைபட்டு பெயின்ட்டே போயிருந்துச்சு, மிச்சமெல்லாம் கவர் கூட கிழிக்காம அப்படியே புதுசா. சரி, புதுசா வர்றவங்க என்ன மாதிரி ஏமாறக் கூடாதுன்னு எல்லாத்தையும் பத்தி ஒரே மூச்சுல எழுதிடறேன். நான் சுடறது முக்கியமா 10 மீட்டர் ஏர் ரைபிள், 4.5 மில்லிமீட்டர், கம்ப்ரெஸ்டு ஏர் சிலிண்டர் வகை. நடுவுல கொஞ்ச காலம் 50 மீட்டர் பாயின்ட் டூ டூவும் (.22 தோட்டா ரைபிள்) சுட்டிருக்கேன். ஸ்கோப் போட்டு சுடற ஆளுங்களுக்கு இதுல பாதி பொருந்தாது, அத இப்பவே சொல்லிடறேன்.

மொதல்ல ஒரு கணக்கு. ஏர் ரைபிள் டார்கெட்ல பத்துங்கறது வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையில வச்ச மாதிரி. டெசிமல் ஸ்கோரிங்ல ஒவ்வொரு 0.1க்கும் நடுவுல இருந்து 0.25 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதாவது 10.9க்கும் 10.4க்கும் நடுவுல இருக்கறது ஒண்ணேகால் மில்லிமீட்டர். 60 ஷாட்டுக்கு ஃபுல் ஸ்கோர் 654. இந்த அளவுல விளையாடும்போது ரைபிள்ல ஏதோ ஒரு ஸ்க்ரூ கால் சுத்து லூசானாலே அது ஸ்கோர்ல தெரியும், ஆனா ஸ்க்ரூன்னு தெரியாது, நம்ம கை நடுங்குதுன்னுதான் தோணும். அதான் கொடுமையே.

எனக்கு நடந்தது அதுதான். ரெண்டு மாசம் க்ரூப், அதாவது ஷாட்டெல்லாம் விழற கூட்டம், மேல கீழயா நீண்டுட்டே போச்சு. மூச்சு சரியில்லையோன்னு மூச்சப் பாத்தேன், சாப்பாடு தூக்கம் எல்லாம் பாத்தேன், ஷூவ மாத்தினேன், ஜாக்கெட் பட்டன இறுக்கினேன், கோச் சார்கிட்ட திட்டும் வாங்கினேன். கடைசியில ரேஞ்ச்ல எனக்கு சீனியரா சுடற ஒரு அக்கா வந்து ரைபிள வாங்கிப் பாத்துட்டு, "தம்பி, உன் பட் பிளேட் இதே எடத்துலதான் இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. பட் பிளேட்னா ரைபிள் பின் முனையில தோள்ல பதியற துண்டு. எனக்கு பதில் தெரியல. பழைய போட்டோ ஒண்ண எடுத்து ஒப்பிட்டுப் பாத்தா சுமார் 3 மில்லிமீட்டர் மேல ஏறியிருக்கு. தோள்ல வச்சு வச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு முடி அளவு. பட் பிளேட் மேல ஏறினா ரைபிள் தோள்ல கீழ இறங்கும், கழுத்து குனியும், நாம அத கையால தூக்கி சரிகட்டுவோம், அந்த இழுவைதான் க்ரூப்ல தெரிஞ்சிருக்கு. அக்கா பையிலேர்ந்து ஒரு வெள்ள பெயின்ட் மார்க்கர் எடுத்து, ஸ்க்ரூ தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் சேத்து ஒரு சின்ன கோடு போட்டாங்க. அவ்ளோதான். கோடு ரெண்டு துண்டா தெரிஞ்சா ஸ்க்ரூ நகந்துடுச்சு. ஸ்லைடு ஆகற எடத்துலயும் ஒரு கோடு, அது தள்ளிப் போனா பிளேட் நகந்துடுச்சு.

அந்த மார்க்கர்தான் என் கிட்ல நம்பர் ஒன். சிரிக்காதீங்க. கிட்லயே விலை கம்மியான சாமானும் அதுதான். எண்ணெய் பட்டா அழியாத பெயின்ட் வகையா பாத்து வாங்குங்க, சாதாரண ஒயிட்போர்டு மார்க்கர் ஒரு தடவ தொடச்சாலே போயிடும். போடறதுக்கு முன்னாடி அந்த எடத்த ஸ்பிரிட்ல தொடச்சுடணும். கோடு மெல்லிசா இருக்கணும், நான் மொதல்ல தடியா போட்டு அது எந்தப் பக்கம் நகந்துச்சுன்னே தெரியாம முழிச்சேன்.

அதுக்கு அடுத்தது டார்க் ஸ்க்ரூ டிரைவர், அதாவது எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டற டிரைவர். 1லேர்ந்து 6 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இருந்தா ரைபிளுக்கு போதும், கார் வீலுக்கு வர்ற பெரிய ரென்ச்செல்லாம் இங்க ஆகாது. ஆக்ஷன (பேரலும் சுடற பொறியும் இருக்கற பாகம்) ஸ்டாக்கோட (கையில புடிக்கற உடம்பு) புடிச்சிருக்கற போல்ட்டுக்கு எவ்ளோன்னு ரைபிள் மேனுவல்லயே இருக்கும், அதப் பாத்து செட் பண்ணுங்க, வேற ஒருத்தர் ரைபிள் நம்பர உங்களுதுக்கு போடாதீங்க. ரெண்டு போல்ட் இருந்தா ஒண்ண ஃபுல்லா இறுக்கிட்டு இன்னொண்ணுக்கு போகாம ரெண்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. இது வந்தப்புறம் ரைபிள கழட்டி மாட்டினா க்ரூப் எங்கயோ போற பிரச்சினை பெருமளவு நின்னுடுச்சு. முன்னாடி "கைக்கு இறுக்கமா" இறுக்கிட்டிருந்தேன், அந்த "கைக்கு இறுக்கம்" காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதோட சின்ன ஸ்க்ரூவ அளவு தெரியாம இறுக்கினா அலுமினியம் ஸ்டாக்ல மரையே போயிடும், அப்புறம் அது வேற செலவு. ஆலன் கீயும் நல்லதா வாங்குங்க, மட்டமான கீ மொன மழுங்கி ஸ்க்ரூ தலையையும் சேத்து மழுக்கிடும். ஸ்க்ரூ லாக் போடறதா இருந்தா நீலம் மட்டும், செவப்ப கிட்டயே சேக்காதீங்க, சூடு பண்ணாம கழட்ட முடியாது.

இப்ப எல்லாரும் கேக்கற விஷயம், சைட், அதாவது குறி பாக்கற சாமான். பின்னாடி டயாப்டர்ல (துளை வழியா பாக்கற பின் சைட்) போடற ஐரிஸ், அதாவது அளவு மாத்தற துளை; முன்னாடி டனல்ல (முன் சைட் குழாய்) போடற வளையம். ரைபிளோட வர்ற பின் துளை ஒரே அளவுதான், மேகம் வந்தாலும் லைட் மங்கினாலும் அதே துளை. ஐரிஸ் போட்டா திருகி 1.0, 1.1, 1.2 மில்லிமீட்டர்னு மாத்திக்கலாம். நான் வச்சிருக்கறது கெமான் ஐரிஸ், ரெண்டு வருஷமா கழட்டவே இல்ல, திருகினா மென்மையா ஆனா தானா நகராம நிக்குது, அது போதும். இதுல புதுசா வர்றவங்க பண்ற தப்பு, துளைய எவ்ளோ சின்னதாக்கினா அவ்ளோ ஷார்ப்பா தெரியும்னு இறுக்கிட்டே போறது. கொஞ்ச தூரம் வரைக்கும் அது உண்மைதான், ஃபோட்டோ எடுக்கற கேமரா மாதிரி, ஆனா ஒரு கட்டத்துக்கு அப்புறம் வெளிச்சமும் போயிடும், ஒளி விளிம்புல சிதறி எல்லாமே மசமசன்னு ஆயிடும், கண்ணும் பத்து ஷாட்ல களைச்சுடும். நான் 1.1ல வச்சு சுடறேன், லைட் கம்மியான ஹால்ல 1.2, அவ்ளோதான்.

முன் வளையம் இன்னும் முக்கியம்னு நான் சொல்வேன். டார்கெட்ல கருப்பு 30.5 மில்லிமீட்டர், அதச் சுத்தி ஒரு வெள்ள வளையம் தெரியணும், அந்த வெள்ள எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பா இருக்கான்னுதான் கண்ணு பாக்குது. நான் ஆரம்பத்துல 3.4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வளையம் போட்டு கெத்தா சுத்திட்டிருந்தேன். வெள்ள ஒரு நூல் அளவுதான் தெரியும், ரைபிள் லேசா ஆடினாலே ஒரு பக்கம் மறைஞ்சுடும், ஐயோ தப்பா இருக்குன்னு மூளை பயந்து ட்ரிகர நிறுத்தி வைக்கும், நேரம் ஓடும், கடைசியில பதட்டத்துல இழுத்து 9.6. சென்ட்ரா கம்பெனியோடது மாதிரி அளவு மாத்தற ஃப்ரண்ட் சைட் வந்தப்புறம் ஒரு நாள் பூரா ஒவ்வொரு அளவுலயும் 10 ஷாட் போட்டு எழுதி வச்சேன், 4.1ல வந்து நின்னேன். பெரிசாக்கினா குறி தப்பும்னு நெனச்சதுக்கு நேர் எதிரா கை அமைதியாச்சு. அதுக்காக ஒடனே அந்த அட்ஜஸ்டபிள் சைட்ட வாங்கணும்னு இல்ல, விலை ஜாஸ்தி. 3.6லேர்ந்து 4.4 வரைக்கும் பிளாஸ்டிக் வளைய செட் கெடைக்கும், அதுல உங்க அளவ கண்டுபுடிச்சுட்டு அப்புறமா யோசிங்க. ஆனா ஒண்ணு, டனல் அளவு எம்18, எம்22ன்னு ரெண்டு இருக்கு, பாக்காம ஆர்டர் பண்ணிட்டு வளையம் உள்ள லொடலொடன்னு ஆடினா என்ன திட்டாதீங்க. நான் ஆர்டர் பண்ணி ஆடவிட்டவன்.

சீக் பீஸ் (கன்னம் சாயற துண்டு), பட் பிளேட் ரெண்டும் ரைபிளோடயே வரும், ஆனா ரைபிளோட வர்ற பட் பிளேட் எனக்கு பத்தல. எம்ஈசி கம்பெனி பிளேட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல கெடைச்சுது, மேல கீழ துண்டு தனித்தனியா திரும்பும், வளைவ நம்ம தோளுக்கு ஏத்த மாதிரி புடிக்கலாம். தரம் அருமை, இறுக்கினா இறுகினதுதான். குறைன்னா ஒண்ணே ஒண்ணு, மாத்தறதுக்கு எடம் அதிகமா இருக்கறதால வாரா வாரம் நோண்டிட்டே இருக்கத் தோணும். நான் முதல் மாசம் பூரா சுட்டத விட திருகினதுதான் ஜாஸ்தி. சீக் பீஸ் செட் பண்ண ஒரு எளிய வழி இருக்கு: கண்ண மூடிட்டு ரைபிள தூக்கி கன்னத்த சாய்ங்க, கழுத்த விட்டுடுங்க, இப்ப கண்ண தொறங்க. பின் துளைக்குள்ள முன் டனல் நடுவுல வட்டமா தெரிஞ்சா உயரம் சரி. ஒரு பக்கம் ஒதுங்கி தெரிஞ்சா நீங்க தலைய நகத்தாதீங்க, சீக் பீஸ நகத்துங்க. சரியானதும் ஸ்டீல் ஸ்கேல் வச்சு ஒவ்வொரு எடைவெளியையும் அளந்து நோட்டுல எழுதுங்க, நாலு பக்கமும் போட்டோவும் எடுங்க. ஸ்டாக்லயே அளவு கோடு இருக்கற ரைபிள்னா இன்னும் சுலபம். இந்த ஸ்கேலும் நோட்டும் கூட என் கணக்குல ஆக்சஸரிதான், பெயின்ட் மார்க்கருக்கு அடுத்த பெஞ்சு.

வெயிட் பத்தி சுருக்கமா. பேரல்லயும் ஸ்டாக்லயும் மாட்டற குட்டிக் குட்டி உருளைகள். முன்னாடி போட்டா ரைபிள் மெதுவா ஆடும், ஆனா இடது கையும் இடுப்பும் கணக்கு கேக்கும். 10 மீட்டர் ஏர் ரைபிள் மொத்த எடை 5.5 கிலோ தாண்டக் கூடாது, சைட்டு எல்லாம் சேத்து, அதனால மாட்டிட்டு ஒரு தராசுல வச்சுடுங்க. 100 கிராம் மாத்தினா ஒரு ரெண்டு வாரமாவது சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, மொத நாள் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

கண்ண மறைக்கற பட்டை. ஒரு கண்ண மூடிட்டு சுட்டா மொகம் பூரா இறுகும், அதனால ரெண்டு கண்ணும் தொறந்து வச்சுட்டு சுடாத கண்ணுக்கு முன்னாடி ஒரு வெள்ள பிளாஸ்டிக் பட்டை. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிப்படி பின் சைட்ல மாட்டறது 30 மில்லிமீட்டர் உயரம், துளை நடுவுல இருந்து 100 மில்லிமீட்டர் நீளம் தாண்டக் கூடாது. ஐஸ்க்ரீம் டப்பா மூடிய வெட்டி நானே பண்ணிக்கிட்டேன், கடையில வாங்கினத விட நல்லா இருக்கு. கருப்புல பண்ணாதீங்க, ஒரு கண்ணுக்கு இருட்டு ஒரு கண்ணுக்கு வெளிச்சம்னா சுடற கண்ணோட பாப்பா விரியும்.

இப்ப க்ளீனிங், இங்கதான் நான் பெரிய முட்டாள்தனம் பண்ணது. ட்ரிகர் கொஞ்சம் கரகரன்னு இருக்குன்னு வீட்ல கதவுக்கு அடிக்கற ஸ்ப்ரே எண்ணெய ட்ரிகர் பாக்ஸ்குள்ள புஸ்ஸுன்னு அடிச்சேன். ஒரு வாரம் வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. ஒரு மாசத்துல எண்ணெய் காஞ்சு தூசியோட சேந்து பிசின் ஆயிடுச்சு, ஷாட் எப்ப விழும்னு ட்ரிகருக்கே தெரியல. சர்வீஸ்ல கழட்டி கழுவி குடுத்த பெரியவர் ஒண்ணும் திட்டல, அந்த பிசின ஒரு வெள்ளத் துணியில தொடச்சு என் கையில குடுத்தார், தேன் கலர்ல இருந்துச்சு. அன்னிலேர்ந்து ட்ரிகர் பாக்ஸுக்குள்ள நான் கை வைக்கறதே இல்ல.

ஏர் ரைபிள் பேரலுக்கு தேவையானது ரொம்ப கம்மி. நைலான் பூசின இழு கயிறு ஒண்ணு, வி.எஃப்.ஜி கம்பெனி ஃபெல்ட் (கம்பளி) உருண்டை ஒரு டப்பா. ஒரு டின் 500 பெல்லட் (ஈயக் குண்டு) முடிஞ்சா ஒரு தடவ, பின்பக்கம் இருந்து முன்பக்கம் மட்டும், ஒரே திசையில இழுக்கறேன். முதல் ஃபெல்ட் ஈயக் கருப்பா வரும், மூணாவது சாம்பல், அஞ்சாவது வெள்ளையா வந்தா நிறுத்திடுவேன். கயிற வாய்ப்பக்கத்துல சாய்ச்சு இழுக்காதீங்க, பேரல் வாய் விளிம்புதான் பெல்லட் கடைசியா தொடற எடம், அது தேஞ்சா எந்த ஆக்சஸரியும் காப்பாத்தாது. இன்னொண்ணு, நிறைய மேட்ச் ரைபிள்ல நாம பாக்கற நீளக் குழாய் முழுசும் பேரல் இல்ல, நிஜ பேரல் உள்ளயே முடிஞ்சுடும், மிச்சம் வெறும் குழாய். அதுக்குள்ள ஃபெல்ட் ஒண்ணு கழண்டு தங்கினது தெரியாம நான் ஷாட் போட்டிருக்கேன், டார்கெட்டுக்கு போற வழியில பஞ்சு பறந்துச்சு. அதனால எத்தன உள்ள போச்சு எத்தன வெளிய வந்துச்சுன்னு எண்ணுங்க. க்ளீன் பண்ண ஒடனே வர்ற முத பத்து பதினஞ்சு ஷாட் கொஞ்சம் அலையும், ஸ்கோர் எழுதாதீங்க.

பாயின்ட் டூ டூ வேற உலகம். அதுல வெடிமருந்து கரி, மெழுகு, ஈயம் மூணும் சேரும், முக்கியமா சேம்பர் (தோட்டா உக்கார்ற எடம்) முடியற எடத்துல கரி வளையம் கட்டும். அதுக்கு பூச்சு போட்ட ஒரே துண்டு ராடு, வெண்கல பிரஷ், கூடவே போர் கைடு, அதாவது ராட பேரலுக்குள்ள நேரா விடற குழாய். கைடு இல்லாம ராடு விடறத பாத்தாலே எனக்கு இப்ப வயித்த கலக்குது, ராடு வளைஞ்சு பேரல் உள்பக்கத்த உரசும். மூணு துண்டா திருகி சேக்கற ராட வாங்காதீங்க, மூட்டு எடம் அரம் மாதிரி. வெளி உலோகத்துக்கு பாலிஸ்டால் எண்ணெய் துணியில ரெண்டு சொட்டு, வேர்வைக் கை பட்ட எடமெல்லாம் தொடச்சு வச்சா துரு வராது. க்ளீன் பண்ணி முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவாம வாய்ல எதுவும் வைக்காதீங்க, அது ஈயம்.

எண்ணெய்னு சொல்லும்போதே இன்னொண்ணு. ஏர் சிலிண்டர் பக்கம், ஃபில்லிங் அடாப்டர் பக்கம் பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டு கூட போகக் கூடாது. அழுத்தம் ஏறும்போது சூடாகும், அந்த சூட்டுல எண்ணெய் பத்திக்கும். ஓ ரிங்குக்கு (காத்து கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) சிலிக்கான் க்ரீஸ், அதுவும் விரல்ல தடவினா பளபளன்னு தெரியற அளவு போதும். நிரப்பறது காஞ்ச காத்து மட்டும், ஆக்சிஜன் சிலிண்டர்லேர்ந்து நிரப்பலாமான்னு கேக்கற ஆளுங்கள பாத்திருக்கேன், ஐயா சாமி, வேணாம், அது வெடிக்கற விஷயம். ஓ ரிங் செட் ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும், போட்டி அன்னிக்கு காலையிலதான் அது கிழியும். 200 பார் சிலிண்டர்னா மெதுவா நிரப்புங்க, வேகமா நிரப்பினா சூட்டுல மீட்டர் 200 காட்டும், ஆறினதும் இறங்கிடும். நான் 80 பார் பக்கம் வந்ததும் நிரப்பிடறேன். சிலிண்டர்ல தேதி பொறிச்சிருக்கும், பெரும்பாலான கம்பெனி 10 வருஷம்னு வச்சிருக்காங்க, செகண்ட் ஹேண்ட் ரைபிள் வாங்கறவங்க மொதல்ல அந்த தேதியத்தான் பாக்கணும். நான் பேரலப் பாத்தேன், ஸ்டாக் கலரப் பாத்தேன், தேதியப் பாக்கல.

ஸ்காட் மாதிரி எலெக்ட்ரானிக் ட்ரெய்னர பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. பேரல்ல ஒரு சென்சார் மாட்டி, குறி எங்கெங்க அலைஞ்சுது, ட்ரிகர் இழுக்கற கடைசி நொடியில எந்தப் பக்கம் துள்ளுச்சுன்னு கம்ப்யூட்டர்ல கோடா வரையும். என்னோடது இல்ல, க்ளப்போடது. ரொம்ப நல்ல சாமான், பொய்யே சொல்லாது, ஆனா சொந்தமா வாங்கற அளவுக்கு நான் தினமும் அத உக்காந்து படிக்கமாட்டேன்னு எனக்கே தெரியும். நாலு பேரு சேந்து வாங்குங்க.

பையிலயே தூங்கறது எதெதுன்னா: அஞ்சு கலர் ஃபில்டர் செட்டு, அதுல மஞ்சள மட்டும் மங்கலான ஹால்ல ரெண்டு தடவ போட்டேன். முன் டனல்ல போடற ரசமட்டம், ரைபிள் சாயுதான்னு காட்டும், 50 மீட்டர் ப்ரோன்ல (படுத்துட்டு சுடறது) பழக நல்லது, ஆனா 10 மீட்டர் ஏர் ரைபிள்ல அதுக்கு அனுமதி இல்ல, வாங்கினப்புறம் தெரிஞ்சுகிட்டேன். கலர் கலரா அனோடைஸ் பண்ண கோக்கிங் லீவர் நாப், சத்தியமா எதுக்கு வாங்கினேன்னு தெரியல, அழகா இருந்துச்சு. பெல்லட் தலைய அளக்கற கருவி ஒண்ணு, 4.49ஆ 4.50ஆன்னு பிரிச்சு பிரிச்சு ஒரு சாயங்காலம் போச்சு, அதுக்கு பதிலா ரைபிள க்ளாம்ப்ல மாட்டி நாலு டின்ன சுட்டுப் பாத்தா எந்த டின் உங்க பேரலுக்கு ஒத்து வருதுன்னு பேப்பரே சொல்லிடும்.

ஒரு சாமான் மட்டும் விட்டுட்டேன், சேஃப்டி கயிறு. ஆரஞ்சு கலர்ல, பேரல் பூரா நீளத்துக்கும் உள்ள போய் ரெண்டு பக்கமும் வெளிய தெரியணும். இது இல்லாம ரேஞ்ச்ல ரைபிள கீழ வைக்கவே விடமாட்டாங்க, விடவும் கூடாது. ரெண்டு வாங்கி ஒண்ண பையோட ஜிப்லயே கட்டி விட்டுடுங்க, இது தொலையற வேகத்துல பேனா கூட தொலையாது.

அப்புறம் அந்த பெயின்ட் மார்க்கர், அக்காவோடது, அன்னிக்கு என் பையில போனது போனதுதான், இன்னும் திருப்பிக் குடுக்கல. அவங்க புதுசு வாங்கிட்டாங்க, இப்ப அதுல அவங்க பேர எழுதி வச்சிருக்காங்க.